ஒரே சீட்டில் இரண்டு ‘டிபி’: ஒரு கல்யாண வீட்டு மெயின் கருகிய கதை

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபது வருஷத்துக்கு மேலாக வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். இங்கே சொல்லப்போவது போன வைகாசியில் நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை, தீயும் பிடிக்கவில்லை. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் இரண்டும் நடந்திருக்கலாம். தப்பில் பாதி என்னுடையது என்பதால் வீட்டுக்காரர் பெயரோ ஊர்ப் பெயரோ இல்லாமல் முழுசாக எழுதுகிறேன்.

வீடு பெரிய வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வகை. சுவரை வெட்டிக் குழாய் பதிக்க வீட்டுக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்தால் நமக்கும் மனசு வராது. அதனால் பாதி வீட்டில் இன்னமும் தேக்குச் சட்டத்துக்குள் ஓடுகிற பழைய வயரிங்தான். மூன்று ஃபேஸ் சர்வீஸ். முகப்பில் 63 ஆம்பியர் இரும்புப் பெட்டி மெயின், உள்ளே பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஆச்சி தனியாகத்தான் இருக்கிறார். மகன் சென்னையில். அந்த மகனுக்கு அறுபதாம் கல்யாணம், சொந்தபந்தம் எல்லாம் மூன்று நாள் வீட்டிலேயே தங்குவது என்று ஏற்பாடு.

விருந்தினர் அறைகளுக்கு மூன்று ஏசி, குளியலறைக்கு இரண்டு கீசர், பணியார மாவுக்கும் சட்டினிக்கும் கிரைண்டர்கள், பந்தலுக்கு விளக்கு. இவ்வளவையும் பழைய போர்டில் ஏற்ற முடியாது. இரண்டாம் கட்டில் புதிதாக ஒரு பெட்டி வைத்து, முகப்பு மெயினிலிருந்து 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் இழுப்பது என்று முடிவு செய்தேன். அந்த வயர் 40 ஆம்பியர் பக்கம் தாங்கும். ஆகவே பெட்டியின் தலையில் 40 ஆம்பியர் நாலு போல் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் தானாக அறுக்கிற பிரேக்கர்), அதை அடுத்து 40 ஆம்பியர் நாலு போல் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அறுக்கிறது), அதன் கீழே வெளியே போகும் லைன்களுக்குச் சின்ன எம்சிபிகள்.

அன்று நான் மதுரையில் வேறு வேலையில் இருந்தேன். வேலையைச் செய்தவர் என்னிடம் இருக்கும் வயர்மேன் தம்பி, கைத்தொழில் சுத்தமானவர். போனில் நான் சொல்லச் சொல்ல ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனார். சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளது இவ்வளவுதான்: “டிபி 1. நாலு போல் 40 – 2, ஒண்ணு 30 மில்லி. டிபி 32 சி – 2. 16 சி – 6.”

தமிழில் மட்டும் வருகிற சிக்கல் ஒன்று இந்தச் சீட்டில் இருக்கிறது. முதல் வரியில் உள்ள ‘டிபி’ டிஸ்ட்ரிபியூஷன் போர்டு, அதாவது பெட்டி. மூன்றாவது வரியில் உள்ள ‘டிபி’ டபுள் போல், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுக்கிற பிரேக்கர். டிரிபிள் போலைச் சுருக்கினாலும் நம் வாயில் ‘டிபி’தான் வரும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் வெவ்வேறு எழுத்து. நமக்கு டகரமும் பகரமும் ஒன்றே என்பதால் மூன்றும் ஒரே சொல்லாகிவிடுகிறது. முகப்பில் இருக்கிற இரும்புப் பெட்டி மெயினை ‘ஐசிடிபி’ என்போம். அது இரண்டு போலாக இருந்தாலும் அதே பெயர், மூன்று போலாக இருந்தாலும் அதே பெயர். பிரேக்கர் எத்தனை மடங்கு கரண்டில் சட்டென்று அறுக்கும் என்கிற வகையை ‘கர்வ்’ என்போம்; ‘பி கர்வ்’ என்று சொன்னால் எதிரில் இருப்பவர் எந்த எழுத்தை நினைக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். நேரில் பேசும்போது கை காட்டிச் சமாளித்துவிடுகிறோம். போனிலும் சீட்டிலும் கை கிடையாது.

கடையில் அன்று முகூர்த்த நாள் கூட்டம். மூன்றாவது வரியைப் பார்த்த பையன் இரண்டு டிரிபிள் போல் எடுத்துக் கொடுத்துவிட்டான். தம்பி வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். மூன்று கம்பம் உள்ளதை கீசருக்கு எப்படி மாட்டுவது? மறுபடி கடைக்கு ஓடி மாற்றி வருவதற்குள் மத்தியானம் போயிற்று. நாலு போல் சாமான் இரண்டையும் அவர் உற்றுப் பார்க்காததற்கு அந்த ஓட்டம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கண்ணை உறுத்துகிற தப்பு ஒன்றைத் திருத்திவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று மனசு தானாகவே நம்பிவிடும்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு நான் போய் இறங்கியபோது வளவில் சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. ஆச்சி மட்டும் இரண்டாம் கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“வாப்பா. நானும் அப்ப இருந்து சொல்றேன், என்னமோ தீயுற வாடை வருதுன்னு. அடுப்படியில இருந்து வருதும்பாங்க. எனக்கு அடுப்பு வாடை தெரியாதா?”

பெட்டியின் மேல்மூடியைத் தொட முடியவில்லை. திறந்தால், மெயினின் இடது ஓரத் திருகு பக்கத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. வயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்குச் சுருண்டிருந்தது. ஆனால் குமிழ் மேலேதான் இருந்தது. டிரிப் ஆகவே இல்லை. வயரில் ஓடும் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். ஆர், ஒய், பி என்கிற மூன்று ஃபேஸில், ஆர் ஃபேஸில் 72 ஆம்பியர். ஒய்யில் 31, பியில் 19, நியூட்ரலில் 48. எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். கல்யாண வீடு இருண்டதும் எழுந்த சத்தத்தை இங்கே எழுத வேண்டாம்.

தம்பி கேட்ட கேள்வி நியாயமானது. “அண்ணே, நாப்பதுன்னுதானே போட்டிருக்கு. எழுபத்திரண்டு போயும் ஏன் அடிக்கல?”

டார்ச் அடித்து முகத்தைப் படித்தேன். ‘40’ இருந்தது. அதற்கு முன்னால் ‘சி’ இல்லை. கட்டத்துக்குள் எழுதிய 10000 இல்லை. அவர் மாட்டியிருந்தது ஐசோலேட்டர்.

ஐசோலேட்டர் வெறும் சுவிட்ச். அதற்குள் சூடானால் வளைகிற ஈருலோகத் தகடும் கிடையாது, ஷார்ட் ஆனால் இழுக்கிற காந்தச் சுருளும் கிடையாது. கையால் அணைத்தால் அணையும், இல்லாவிட்டால் எரிந்து போகும்வரை கடத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் உள்ள 40, “இவ்வளவு வரைக்கும் நான் தாங்குவேன்” என்று சொல்கிறது. எம்சிபி மேல் உள்ள 40, “இதற்கு மேல் ரொம்ப நேரம் விடமாட்டேன்” என்று சொல்கிறது. ஒரே எண், இரண்டு அர்த்தம். இரண்டு சாமானும் ஒரே அகலம், ஒரே கறுப்புக் குமிழ், ஒரே தண்டவாளத்தில் உட்காரும். ‘நாலு போல் 40’ என்று கேட்டவனுக்கு ஐசோலேட்டர் கொடுத்த கடைப்பையன் தப்புச் செய்யவில்லை. அதுவும் நாலு போல், அதுவும் 40. எம்சிபி என்ற சொல்லே என் சீட்டில் இல்லை.

இதே பொறிதான் ஆர்சிசிபியிலும் இருக்கிறது. கசிவுக்கு அது டிரிப் ஆகும், ஓவர்லோடுக்கு ஆகாது. அதன்மேல் உள்ள 40-உம் தாங்கும் அளவுதான். இரண்டு வேலையையும் ஒன்றே செய்ய வேண்டுமானால் ஆர்சிபிஓ வாங்க வேண்டும். ‘மேலே ஆர்சிசிபி இருக்கு, அது பாத்துக்கும்’ என்று எம்சிபி இல்லாமல் விட்ட வீடுகள் இந்தப் பக்கம் எத்தனையோ.

நியாயமாக எம்சிபி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 40 என்று போட்டால் 41-இல் டிரிப் ஆகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டு எம்சிபிக்கான தரம், ஐஎஸ்/ஐஇசி 60898-1, அப்படிச் சொல்லவில்லை. எழுதிய அளவைப்போல் 1.13 மடங்கில், அதாவது 45 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகக் கூடாது. 1.45 மடங்கில், அதாவது 58-இல், ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகியே தீர வேண்டும். இடைப்பட்டது அவரவர் அதிர்ஷ்டம். இந்தக் கணக்கும் எல்லாப் போலிலும் சமமாகக் கரண்ட் ஓடும்போது. மூன்று, நாலு போல் பிரேக்கரில் ஒரு போலில் மட்டும் ஓடினால் பக்கத்துத் தகடுகளின் சூடு உதவிக்கு வராது, அதனால் இன்னும் 1.2 மடங்கு சலுகை உண்டு. அப்படிப் பார்த்தாலும் 70-க்கு மேல் தப்பிக்க வழியில்லை. நம் வீட்டில் 72 ஓடியது, அதுவும் நாலு மணி நேரமாக. நாற்பது ஆம்பியர் எம்சிபி இருந்திருந்தால் ஏழு மணிக்குள் வீடு ஒருமுறை இருண்டிருக்கும், நாலு பேர் வயர்மேனைத் திட்டியிருப்பார்கள், அதோடு போயிருக்கும்.

இந்தக் கணக்கு 30 டிகிரிக்கு. வைகாசிக் கத்திரியில் மூடிய பெட்டிக்குள் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும், எம்சிபி இன்னும் சீக்கிரம் அடிக்கும். வெயில் காலத்தில் சும்மா சும்மா டிரிப் ஆகிறது என்று 32-ஐக் கழற்றிவிட்டு 40-ஐப் போடுகிறார்கள். வயர் பழையதுதானே, அதை யார் மாற்றுவது? பிரேக்கர் காப்பாற்றுவது ஏசியை இல்லை, வயரை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

முகப்பில் 63 ஃபியூஸ் இருந்ததே, அது ஏன் உருகவில்லை என்று மகன் கேட்டார். ஃபியூஸ் கம்பி எழுதிய அளவில் உருகாது. பீங்கான் கட்டையில் கம்பி கட்டுகிற வகை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரைகூடப் பொறுக்கும். 63-க்கு 72 ஒன்றுமே இல்லை. கீழே இருந்த சின்ன எம்சிபிகள்? அவையும் அடிக்க வேண்டியதில்லை. ஏசி லைனில் 24, கீசர் லைனில் 17, இரண்டு பதினாறில் சேர்த்து 31. தனித்தனியாகப் பார்த்தால் ஒருவரும் எல்லையைத் தாண்டவில்லை. அவசரத்தில் பெரிய லோடு எல்லாம் இடது பக்கத்து ஆர் ஃபேஸிலேயே வந்துவிட்டது. கூட்டிப் பார்க்க வேண்டிய இடம் தலைமை பிரேக்கர். அங்கே கூட்டத் தெரியாத சாமான் உட்கார்ந்திருந்தது.

வண்டியில் ஒரு நாலு போல் ‘சி 40’ இருந்தது நல்லநேரம். கருகிய வயரை வெட்டி, திருகுகளை இறுக்கி, லோடைப் பிரித்தேன். மொத்தம் 122, மூன்றாகப் பிரித்தால் 40 சொச்சம். அதுவும் நெருக்கடிதான். ஒரு கீசரையும் சில பந்தல் விளக்கையும் நிறுத்தியதும் ஒவ்வொரு ஃபேஸும் 38-க்குக் கீழே வந்தது. “வெந்நீருக்கு விறகடுப்பு இருக்கே, அதுக்கு என்ன கேடு” என்றார் ஆச்சி. அந்த ராத்திரியில் எனக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அதுதான்.

பதினோரு மணி வாக்கில் மாவாட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், “தம்பி, இந்தக் கிரைண்டரத் தொட்டா ஜிவ்வுங்குதே, அதையும் பாருங்க” என்றார். அப்போதுதான் ஆர்சிசிபியின் முகத்தையும் படித்தேன். 0.3 ஆம்பியர். அதாவது 300 மில்லி ஆம்பியர். சீட்டில் 30 என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. கடையில் கூட்டத்துக்கு நடுவே தம்பி வாயால் சொல்லியிருக்கிறார், ‘முப்பது’ அந்தச் சத்தத்தில் ‘முந்நூறு’ ஆகிவிட்டது.

முப்பது மில்லி ஆள் உயிருக்கு. முந்நூறு மில்லி தீயைத் தடுக்க மட்டும். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிறவரை முந்நூறு காப்பாற்றாது. அது விழிப்பதற்குள் கதை முடிந்திருக்கும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழுந்தது. அதில் ஏமாறக் கூடாது. பட்டன் தன்னுடைய அளவுக்குத் தான் வேலை செய்கிறதா என்று மட்டும் காட்டும். அந்த அளவு முப்பதா முந்நூறா என்று அதற்குத் தெரியாது. கிரைண்டரை வேறு லைனுக்கு மாற்றி, எர்த்தைச் சரிபார்த்து, அந்த லைனை மூடிவிட்டு வந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அடுத்த வாரம் 30 மில்லி ஆர்சிசிபியை மாட்டினால் நிற்கவே இல்லை. தூக்கிவிட்டால் விழுகிறது. இந்த இடத்தில்தான் பலரும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக வயரைக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு லைனாகக் கழற்றி 500 வோல்ட் மெக்கரில், அதாவது வயர் தோலின் காப்பை அளக்கிற மீட்டரில், பார்த்தோம். எல்லாம் ஒரு மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். அடுப்படிக்குப் போகிற பழைய லைன் 0.01 காட்டியது. பத்தாயிரம் ஓம் என்றால் 230 வோல்ட்டில் 23 மில்லி ஆம்பியர் எந்நேரமும் கசிந்துகொண்டிருக்கிறது. முப்பது மில்லி ஆர்சிசிபி பதினைந்தில் தாங்க வேண்டும், முப்பதில் விழ வேண்டும். 23-இல் விழுவது அதன் உரிமை. தேக்குச் சட்டத்தைக் கழற்றினால், புகைபோக்கிப் பக்கத்தில் ரப்பர் தோல் கருவேப்பிலைக் காம்பு மாதிரி உதிர்ந்தது. அந்த லைனை மட்டும் சுவருக்கு மேல் குழாய் ஓட்டிப் புதிதாக இழுத்தோம். ஆர்சிசிபி நின்றது. கிரைண்டரும் ஜிவ்வென்று சொல்வதை நிறுத்திக்கொண்டது.

அந்த ஆர்சிசிபியை வாங்கப் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். “ஏசி ரூமுக்குன்னா ஏசி டைப் வாங்கிக்குங்கண்ணே, அதுக்குன்னே வர்றது” என்றான் பையன். அந்த ‘ஏசி’ குளிர்சாதனம் இல்லை, மாறுமின்னோட்டம். ஏசி டைப் ஆர்சிசிபி சாதாரண அலைக் கசிவை மட்டும் உணரும். இன்வர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் மாதிரி உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருக்கிற சாமான்களில் பாதி அலையாகத் துடிக்கிற கசிவும் வரும். அதற்கு ‘ஏ’ டைப்தான் வேண்டும். ஆக, ஏசி ரூமுக்கு ஏசி டைப் போடாமலிருப்பதே நல்லது! பையன் சிரித்தான், நானும் சிரித்தேன். ஆனால் எத்தனை பேர் வாங்கிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வரவில்லை. கருகிப்போன ஐசோலேட்டரின் பக்கவாட்டிலும் ‘ஏசி-22’ என்று இருந்தது. அது எந்த மாதிரி லோடை அணைக்கலாம் என்கிற வகை எண். அதற்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை.

சுருக்கெழுத்து விளையாட்டு பெரிய பிரேக்கரில் இன்னும் வேடிக்கை. பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் எம்சிசிபி மாற்றும்போது முதலாளி பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, “என்னப்பா இது, ஐசியூன்னு போட்டிருக்கு?” என்றார். வேடிக்கை என்னவென்றால் அந்த அர்த்தமே பொருந்துகிறது. ஐசியூ என்பது அந்த பிரேக்கர் அறுத்துக் காட்டக்கூடிய உச்சபட்ச ஷார்ட் கரண்ட். அவ்வளவு வந்தால் அறுத்துவிடும், ஆனால் பிறகு வேலைக்கு ஆகுமா என்பதற்கு உத்தரவாதமில்லை. பக்கத்தில் இருக்கும் ஐசிஎஸ், அறுத்த பிறகும் மறுபடி டியூட்டிக்கு வரக்கூடிய அளவு. அது ஐசியூவில் இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், நூறு என்றிருந்தால் நிம்மதி. மில்லில் 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்திலேயே ஷார்ட் ஆனால் 15 ஆயிரம் ஆம்பியர் பக்கம் வரும். வீட்டு எம்சிபியின் கட்டத்துக்குள் உள்ள 10000, அதாவது அது அறுக்கக்கூடிய ஷார்ட் கரண்ட் ஆம்பியரில், அங்கே பத்தாது. வீட்டுக்கு அது தாராளம். 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் காலடியிலேயே ஷார்ட் ஆனாலும் மூவாயிரம் சொச்சம்தான். அந்தப் பத்தாயிரத்தை வாட்ஸ் என்று நினைக்கிறவர்களும், பத்தாயிரம் தடவை போட்டு அணைக்கலாம் என்று நினைக்கிறவர்களும் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

சீட்டுக்கு வருவோம். ‘ஆங்கிலத்திலேயே எழுதிக்கொள்’ என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். எழுதுவார், ஆனால் கடையில் வாயால்தானே சொல்ல வேண்டும்? அங்கே மறுபடி ‘டிபி’. ஒரு வாரம் யோசித்தபோது, சாமானின் முகத்திலேயே விடை அச்சடித்திருப்பது தெரிந்தது. தர எண். எம்சிபி என்றால் 60898. ஆர்சிசிபி என்றால் 12640, பகுதி 1. ஆர்சிபிஓ அதே எண்ணில் பகுதி 2. ஐசோலேட்டர் 60947-3, எம்சிசிபி 60947-2. எழுத்து நம் வாயில் குழம்பும், எண் குழம்பாது. போல் எத்தனை என்பதற்கும் இனிமேல் சுருக்கு இல்லை. ‘ரெண்டு கம்பம்’, ‘மூணு கம்பம்’, பெட்டி என்றால் பெட்டி. மில்லியை ‘மூணு, பூஜ்யம் – முப்பது’ என்று எண் எண்ணாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகத்தில் 0.030 என்றும் அச்சடித்திருப்பார்கள், 30 என்றும் அச்சடித்திருப்பார்கள். கர்வுக்குப் பழத்தின் பெயர் வைத்துவிட்டோம். ‘சி’ என்றால் சீத்தாப்பழம். மோட்டார், ஏசி கிளம்பும்போது இழுக்கிற கரண்டைப் பொறுத்துக்கொண்டு, அளவில் ஐந்திலிருந்து பத்து மடங்குக்குள் சட்டென்று அறுக்கிற வகை. மூன்றிலிருந்து ஐந்து மடங்கில் அறுக்கும் ‘பி’, பப்பாளி. பத்திலிருந்து இருபது மடங்கு வரை பொறுக்கிற ‘டி’க்குப் பழம் கிடைக்கவில்லை. இங்கே அதைக் கேட்பவரும் குறைவு, தள்ளிவைத்திருக்கிறோம்.

போன மாதம் தேவகோட்டைப் பக்கம் ஒரு வேலை. கடையிலிருந்து பையன் போன் போட்டான். “அண்ணே, நாலு கம்பம் நாப்பது சீத்தாப்பழம் எடுத்து வச்சிருக்கேன். நம்பர் படிக்கிறேன், கேட்டுக்குங்க: ஆறு, பூஜ்யம், எட்டு, ஒம்பது, எட்டு. பில் போட்டுரவா?”

போடச் சொன்னேன்.